சவுத்தாம்ப்டன் ஓல்டு கிரீன்: ஒரு புல்தரையின் முதல் ஐந்நூறு வருடங்கள்

சவுத்தாம்ப்டன் என்றால் நம்மில் பலருக்கும் முதலில் டைட்டானிக்தான் ஞாபகம் வரும். 1912 ஏப்ரல் 10ஆம் தேதி அந்தக் கப்பல் கிளம்பிய ஊர். அதே துறைமுகப் பகுதியில், பிளாட்ஃபார்ம் ரோடும் லோயர் கேனல் வாக்கும் சேரும் மூலையில், ஒட்ட வெட்டிய புல்லும் சின்ன கிளப் கட்டிடமுமாக ஒரு மைதானம் இருக்கிறது. சவுத்தாம்ப்டன் ஓல்டு போலிங் கிரீன், அதாவது பந்து உருட்டி ஆடுகிற பழைய புல்தரை. இங்கே 1299ஆம் ஆண்டிலிருந்து பந்து உருட்டுகிறார்கள் என்று அந்த கிளப் சொல்கிறது, உலகத்தில் இன்றும் ஆடப்படுகிற மிகப் பழைய போலிங் கிரீன் என்ற பெயரும் அதற்கு உண்டு.

இந்த ஆட்டத்தின் மேல் எனக்கு ஆர்வம் வந்தது 2022இல். பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் ஆகஸ்ட் 2ஆம் தேதி, லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்கி என்ற நாலு பேர் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். லான் பவுல்ஸ் என்கிற இந்தப் பந்து உருட்டும் ஆட்டத்தில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். ஆட்டம் நடந்தது லெமிங்டன் ஸ்பா என்ற ஊரில் ஒரு பூங்காவுக்குள். அன்றைக்கு ராத்திரி என் நண்பர்கள் குழுவில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், இது என்ன விளையாட்டு, இதை யார் எப்போது கண்டுபிடித்தார்கள். அப்படித் தேட ஆரம்பித்துப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் இந்தச் சவுத்தாம்ப்டன் மூலையில் வந்து நிற்கிறோம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக் என்று ஒரு சின்னப் பந்தை முதலில் தூரத்தில் உருட்டி வைத்துவிடுவார்கள், இப்போதைய விதிப்படி ஆட்டக்காரர் நின்று உருட்டுகிற பாயிலிருந்து குறைந்தது 23 மீட்டர். பிறகு ஒவ்வொருவரும் ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ள பெரிய பந்துகளை அதை நோக்கி உருட்ட வேண்டும். யாருடையது ஜாக்குக்கு அதிகம் பக்கத்தில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. கோலி ஆடியவர்களுக்கு இது புரிய ஒரு நிமிடம் கூட ஆகாது. ஒரே ஒரு விசேஷம், அந்தப் பெரிய பந்து முழு உருண்டை கிடையாது, ஒரு பக்கம் கொஞ்சம் வித்தியாசமாகச் செதுக்கியிருப்பார்கள், அதனால் வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளைந்து போகும். அந்த வளைவைக் கணக்குப் பண்ணுவதில்தான் ஆட்டமே இருக்கிறது.

சரி, 1299க்குப் போவோம்.

அப்போது அங்கே கிளப் எல்லாம் இல்லை. இருந்தது ஒரு தர்ம விடுதி. 1190களில் ஜெர்வேஸ் லெ ரிஷ் என்ற ஊர்ப் பணக்காரர், ஏழைகளுக்கும் யாத்ரிகர்களுக்கும் என்று ஒரு ஆஸ்பத்திரி கட்டினார். ஆஸ்பத்திரி என்றால் இன்றைய அர்த்தத்தில் வைத்தியம் பார்க்கிற இடம் மட்டும் இல்லை, நடக்க முடியாதவர்கள், வழிப்போக்கர்கள், வயசானவர்கள் எல்லாரும் தங்கிச் சாப்பிடுகிற இடம். புனித ஜூலியன் பெயரில் ஒரு சின்ன தேவாலயமும் அதோடு சேர்ந்தது. ஊர்க்காரர்கள் அதை காட்ஸ் ஹவுஸ், கடவுளின் வீடு, என்றே கூப்பிட்டார்கள். அந்த விடுதியின் தலைவருக்கு, அவருடைய ஓய்வுக்கென்று, ஒரு வேலியிட்ட நிலம் ஒதுக்கியிருந்தது. இன்றைக்கு இருக்கிற புல்தரை அந்த நிலம்தான் என்பது கிளப்பின் மரபு. அங்கே பந்து உருட்டுவது 1299க்குள் வழக்கமாகிவிட்டது என்பதும் அந்த மரபின் பகுதி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரி வருடக் கணக்குகளில் போட்டி உண்டு. செஸ்டர்ஃபீல்டு என்ற ஊரின் கிளப் தங்களுடையது 1294 என்கிறது, அப்படிப் பார்த்தால் அவர்கள் ஐந்து வருடம் மூத்தவர்கள். அந்தச் சண்டைக்குள் போக எனக்கு விருப்பமில்லை. ஐந்து வருடம் முன்னே பின்னே இருந்தால் என்ன? என்னை இழுத்தது வேறு கேள்வி. அரசாங்கமே தடை போட்ட ஒரு விளையாட்டு, துறைமுகத்தின் நடுவில், ஒவ்வொரு சதுர அடிக்கும் விலை இருந்த ஒரு இடத்தில், எப்படி இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது? அதைத்தான் நான் தேடினேன்.

முதல் சோதனை கடலிலிருந்து வந்தது. சவுத்தாம்ப்டன் அன்றைக்குக் கம்பளி ஏற்றுமதிக்கும் பிரெஞ்சு ஒயின் இறக்குமதிக்கும் பேர்போன துறைமுகம், பணம் புரண்ட ஊர். 1338 அக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சு, ஜெனோவா கப்பல்கள் வந்து ஊரைக் கொள்ளையடித்துத் தீ வைத்துவிட்டுப் போயின. கடல் பக்கம் அப்போது சரியான மதில் இல்லை. அதற்குப் பிறகுதான் சுற்றி முழுசாக மதில் எழுப்பினார்கள், பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்கிழக்கு மூலையில் பீரங்கி வைப்பதற்கென்றே காட்ஸ் ஹவுஸ் டவர் என்ற கோபுரத்தையும் கட்டினார்கள். இன்றைக்கு அந்தக் கோபுரத்திலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில்தான் நம்ம புல்தரை. 1348இல் கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் வேறு வந்தது. 1415இல் ஐந்தாம் ஹென்றி அஜின்கோர்ட் போருக்குக் கப்பல் ஏறியதும் இந்த ஊரிலிருந்துதான், ஏறுவதற்கு முன்னால் தனக்கு எதிராகச் சதி செய்தவர்கள் என்று மூன்று பேருக்கு இங்கே மரண தண்டனை கொடுத்தார். அவர்களைப் புதைத்தது அதே புனித ஜூலியன் தேவாலயத்தில் என்று சொல்கிறார்கள். அந்தச் சின்னக் கோவில் இன்னும் நிற்கிறது, 1567இலிருந்து மத வன்முறைக்குத் தப்பி வந்த பிரெஞ்சு பேசுகிற வாலூன் அகதிகள் தங்கள் மொழியில் அங்கே வழிபட்டார்கள்.

இரண்டாவது சோதனை சட்டம். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த விளையாட்டின் சரித்திரமே தடைகளின் சரித்திரம்தான்.

இங்கிலாந்து ராஜாக்களுக்கு அன்றைக்கு இருந்த பெரிய ஆயுதம் நீள வில். அதை இழுக்க சின்ன வயசிலிருந்து பழக வேண்டும், அதுவும் ஒரு நூறு பேர் இல்லை, ஊர் ஊராக ஆயிரக்கணக்கான பேர் பழக வேண்டும். ஜனங்களோ ஞாயிற்றுக்கிழமை வந்தால் பந்து உருட்டவும் காற்பந்து உதைக்கவும் கிளம்பிவிடுகிறார்கள். 1363இல் மூன்றாம் எட்வர்டு ஒரு உத்தரவு போட்டார், பண்டிகை நாட்களில் உடல் வலுவுள்ள எல்லாரும் வில் பயிற்சிதான் செய்ய வேண்டும், கல், மரம், இரும்பு எறிகிற ஆட்டங்கள், காற்பந்து, சேவல் சண்டை எதுவும் கூடாது என்று. அடுத்து 1388இல் இரண்டாம் ரிச்சர்டு இன்னொரு சட்டம். திரும்பத் திரும்பத் தடை போட வேண்டியிருந்தது என்பதே ஜனங்கள் கேட்கவில்லை என்பதற்கு நல்ல சாட்சி.

எல்லாவற்றிலும் கடுமையானது எட்டாம் ஹென்றி 1541இல் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் ஒரு தொழில் பிரச்சினையும் இருந்தது. வில் செய்கிறவர்கள், அம்பு செய்கிறவர்கள், நாண் திரிக்கிறவர்கள், அம்பு முனை அடிக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து மனு கொடுத்தார்கள், யாரும் வில் வாங்குவதில்லை, எல்லாரும் விளையாட்டில் விழுந்துவிட்டார்கள், எங்கள் பிழைப்பு போகிறது என்று. வந்த சட்டம் என்ன சொன்னதென்றால், கைவினைஞர்கள், உழவர்கள், பயிற்சிப் பையன்கள், வேலையாட்கள் யாரும் பந்து உருட்டக் கூடாது, கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும், அதுவும் முதலாளி வீட்டில், அவர் முன்னிலையில் ஆடலாம். தன் சொந்தத் தோட்டத்துக்கோ பழத்தோட்டத்துக்கோ வெளியே, பொது இடத்தில் பந்து உருட்டுகிற எவருக்கும் 6 ஷில்லிங் 8 பென்ஸ் அபராதம். கைதேர்ந்த ஒரு தச்சர் ஏறக்குறைய இரண்டு வாரம் வேலை செய்தால் கிடைக்கிற கூலி அது. வருஷத்துக்கு 100 பவுண்டு நில வருமானம் உள்ள கனவான்கள் மட்டும் தங்கள் இடத்தில் ஆட உரிமம் கொடுத்துக்கொள்ளலாம். சட்டம் போட்ட ஹென்றியின் அரண்மனையிலேயே பந்து உருட்டும் கூடங்கள் இருந்தன. உழைக்கிறவனுக்கு ஒரு நியாயம், உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு நியாயம். படிக்கும்போது எனக்குக் கோபமாகத்தான் வந்தது.

இந்தச் சட்டத்தின் விளையாட்டுப் பகுதிகளை நீக்கியது எப்போது தெரியுமா? 1845இல். 304 வருடம் அது ஏட்டில் இருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பொது வெளியில் ஆடினால் அபராதம், சொந்த வேலிக்குள் ஆடினால் பிரச்சினையில்லை. நம்ம சவுத்தாம்ப்டன் நிலம் ஒரு தர்ம விடுதிக்குச் சொந்தமான, வேலியிட்ட இடம். அதோடு 1340களில் அந்த விடுதியின் நிர்வாகம் ஆக்ஸ்ஃபோர்டின் குயின்ஸ் காலேஜ் கைக்கு வந்துவிட்டது. ஒரு தனி ஆள் நிலமாக இருந்திருந்தால் பிள்ளைகள் பாகம் பிரித்திருப்பார்கள், கடன் வந்தால் விற்றிருப்பார்கள், கிடங்கு கட்டியிருப்பார்கள். ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிற நிலம் அவ்வளவு சீக்கிரம் கைமாறாது. அந்த வேலியும் அந்தப் பழைய தர்ம சொத்து என்கிற நிலையும்தான் முதல் இரண்டு மூன்று நூற்றாண்டு இதைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் ஊகம்.

ஆட்டமும் இதற்குள் மாறிக்கொண்டே வந்தது. ஆரம்பத்தில் பந்துகள் சாதாரண உருண்டைகள்தான், உள்ளூர் மரத்தில் கடைந்தவை. வளைந்து போகிற பந்து எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1522இல் சஃபோக் பிரபு சார்லஸ் பிராண்டன் ஆடிக்கொண்டிருக்கும்போது அவர் பந்து பிளந்துவிட்டதாம், வீட்டுக்குள் ஓடிப்போய் மாடிப்படிக் கைப்பிடியின் முனையில் இருந்த மரக் குமிழை அறுத்துக்கொண்டு வந்து ஆடினாராம், அறுத்த பக்கம் தட்டையாக இருந்ததால் அது வளைந்து போய், வழியில் நின்ற பந்துகளைச் சுற்றிக்கொண்டு ஜாக்கிடம் சேர்ந்ததாம். நடந்ததோ இல்லையோ, கதை ஆட்டத்தின் மனதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அதே நூற்றாண்டில் கரீபியன் தீவுகளிலிருந்து லிக்னம் வைட்டே என்ற மரம் ஐரோப்பாவுக்கு வர ஆரம்பித்தது, தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடுகிற அளவு கனமான மரம். உருட்டும் பந்துக்கு அதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது. இன்றைக்குப் பந்துகள் எல்லாம் செயற்கைப் பொருளில் வந்துவிட்டன, ஆனாலும் இங்கிலாந்தில் வயசான ஆட்டக்காரர்கள் அவற்றை இன்னும் 'வுட்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஃபிரான்சிஸ் டிரேக் 1588இல் பிளிமத்தில் பந்து உருட்டிக்கொண்டிருந்தபோது ஸ்பானியக் கப்பல் படை வந்த கதையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதில் எவ்வளவு உண்மை என்று வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் புல். புல் வெட்டும் இயந்திரம் வந்தது 1830இல். ஸ்ட்ரௌட் பக்கத்தில் ஒரு துணி ஆலையில் கம்பளியின் மேல் ரோமத்தைச் சீராக நறுக்குகிற யந்திரத்தைப் பார்த்து எட்வின் பட்டிங் என்பவர் அதை உருவாக்கினார். அதற்கு முன்னால்? கையில் நீளமான அரிவாள். பனி ஈரம் காய்வதற்குள், விடிகாலையில், ஒரு ஆள் ஒரே சீராக வீசி வீசி வெட்ட வேண்டும். ஈரம் போய்விட்டால் புல் மடங்கிக்கொள்ளும், வெட்டு விழாது. கை கொஞ்சம் தாழ்ந்தால் மண்ணைச் சிரைத்துவிடும், அங்கே மறுபடி புல் பிடிக்கப் பல வாரம் ஆகும். அப்புறம் கல் உருளையை இழுத்து அழுத்த வேண்டும், மண்புழு தள்ளிய மேடுகளைத் தட்ட வேண்டும், பாசி படராமல் பார்க்க வேண்டும். ஒரு பருவம் விட்டுவிட்டால் புல்தரை வெறும் மேய்ச்சல் நிலமாகிவிடும், அது இங்கிலாந்து மழைக்கு ரொம்பச் சுலபம். ஆக, ஒரு போலிங் கிரீன் ஐந்நூறு வருடம் பழையது என்றால், ஐந்நூறு வருடம் யாரோ ஒருவர் விடிகாலையில் எழுந்து அரிவாளோடு வந்திருக்கிறார் என்று அர்த்தம். சாம்பியன்களின் பெயர் பலகையில் இருக்கும், இவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது. கிளப் சரித்திரம் எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்தை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதே இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிராகவும் ஒரு இடம் இருக்கிறது. லூயிஸ் என்ற ஊரில், கோட்டையின் பழைய குதிரைவீரர் பயிற்சித் திடலில், 1753இல் தொடங்கிய ஒரு சங்கம் இன்றும் பந்து உருட்டுகிறது. அங்கே தரையைச் சமப்படுத்தவே இல்லை. மேடு பள்ளம் அப்படியே இருக்கும், அந்த மேடு பள்ளத்தைத் தெரிந்துகொள்வதுதான் அங்கே ஆட்டம். அதுவும் அழகுதான்.

சவுத்தாம்ப்டனில் கிளப் என்று சொல்லத்தக்க ஒன்று உருவானது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். அதற்குக் காரணம் ஊரின் தலையெழுத்து மாறியது. இடைக்காலத்துத் துறைமுக வியாபாரம் படுத்துப்போய், ஊர் தூங்கிவழிந்துகொண்டிருந்தது. 1750இல் வேல்ஸ் இளவரசர் ஃபிரெடரிக் வந்து இங்கே கடலில் குளித்துவிட்டுப் போனார், அது போதுமாயிருந்தது. கடல் குளியலும் ஊற்று நீரும் உடம்புக்கு நல்லது என்று பணக்காரக் குடும்பங்கள் கோடையில் வந்து தங்க ஆரம்பித்தார்கள். நடன அரங்கு, நூலகம், கடை எல்லாம் முளைத்தன. ஓய்வு நேரமும் கையில் காசும் உள்ள ஆட்கள் ஒரு பழைய புல்தரையைச் சுற்றி இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

1776 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் போட்டி. அதற்கு நாலு வாரம் முன்னால்தான் அமெரிக்கக் காலனிகள் சுதந்திரம் அறிவித்திருந்தன, அந்தச் செய்தி கூட இன்னும் கடல் தாண்டி வந்து சேர்ந்திருக்கவில்லை. அன்றைக்குத் தொடங்கிய அந்தப் போட்டிக்கு நைட்ஹுட் என்று பெயர், உலகத்தில் இன்றும் நடக்கிற பந்து உருட்டும் போட்டிகளில் இதுதான் மூத்தது என்கிறார்கள். வருஷா வருஷம் ஆகஸ்டில் நடக்கிறது.

அதன் விதிகள் வேறு எங்கேயும் காணாதவை. புல்தரையில் ஓரிடத்தில் ஒரு பென்னி நாணயத்தை வைத்து அதன் மேல் ஜாக்கை வைப்பார்கள். எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவர்கள் பழைய வெற்றியாளர்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பந்து. ஒருவர் பந்து உருண்டு நின்றதும் தூரத்தை அளந்துகொண்டு அதை எடுத்துவிடுவார்கள், அடுத்தவருக்கு வழி மறுபடி வெறும் புல். ஆகவே எதிராளி பந்தை இடித்துத் தள்ளுகிற வேலை, மறைத்து நிறுத்துகிற தந்திரம் எதுவும் இங்கே செல்லாது. உனக்கும் ஜாக்குக்கும் நடுவில் புல் மட்டும்தான். அந்தச் சுற்றில் எல்லாரையும் விட நெருங்கியவருக்கு ஒரு புள்ளி, முதலில் 7 புள்ளி எடுக்கிறவர் வென்றார். நிறைய பேர் ஆடுகிற இடத்தில் ஒரே ஆள் ஏழு முறை முதலாக வருவது சாதாரணமில்லை, அதனால் போட்டி சில நேரம் ஒரு நாளில் முடியாது, இரண்டு நாள், மூன்று நாள் என்று இழுக்கும். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

வென்றவருக்கு வெள்ளிப் பதக்கம் கிடைக்கும், அவரை 'நைட் ஆஃப் தி கிரீன்' ஆக்குவார்கள். அன்றிலிருந்து அந்தப் புல்தரையில் அவர் பெயருக்கு முன்னால் 'சர்'. நாட்டின் ராஜாவோ ராணியோ கொடுத்த பட்டம் இல்லை, அந்த வேலிக்கு வெளியே அதற்கு மதிப்பும் இல்லை, ஆனால் உள்ளே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இன்னும் வெல்லாதவர்களுக்கும் ஒரு பெயர் உண்டு, ஜென்டில்மேன் காமனர்.

இப்போது நான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிற விதிக்கு வருகிறேன். ஒரு தடவை வென்றவர் அந்தப் போட்டியில் மறுபடி ஆடக் கூடாது. ஒரே ஒரு முறைதான். அடுத்த வருஷத்திலிருந்து அவருக்கு வேலை மாறிவிடும். வால் கோட்டும் உயரமான தொப்பியும் போட்டுக்கொண்டு மற்ற 'சர்'களோடு நின்று ஜாக் வைக்க வேண்டும், குனிந்து தூரம் அளக்க வேண்டும், புள்ளி சொல்ல வேண்டும்.

இது எவ்வளவு பெரிய யோசனை என்று பாருங்கள். எந்த ஊர் கிளப்பிலும் கொஞ்ச நாளில் என்ன நடக்கும்? ஒரு கெட்டிக்காரர் வருவார், பத்து வருஷம் தொடர்ந்து கோப்பையைத் தூக்குவார், மற்றவர்களுக்கு ஆசை விட்டுப்போகும், ஆள் குறையும், ஒருநாள் கிளப் மூடிவிடும். எங்கள் பகுதியில் கேரம் கிளப் ஒன்று இப்படித்தான் காலியானது. சவுத்தாம்ப்டன்காரர்கள் இதற்கு வழியே வைக்கவில்லை. வருஷா வருஷம் கட்டாயம் ஒரு புது ஆள்தான் ஜெயிப்பார். இருபது வருஷமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறவருக்கும் இந்த வருஷம் ஒரு வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் அவரைத் தோற்கடித்த ஆட்கள் ஒவ்வொருவராக அளக்கிற பக்கம் போய்விட்டார்கள். அதே நேரத்தில் திறமைசாலிகளும் ஊரை விட்டுப் போவதில்லை, அவர்களுக்கு மரியாதையும் பொறுப்பும் இருக்கிறது, நடுவர் தேட வெளியே அலைய வேண்டியதில்லை. ஒரே விதியில் மூன்று பிரச்சினை தீர்ந்துபோகிறது.

வேலியும் தர்ம சொத்தும் முதல் பாதி காலத்தைக் காப்பாற்றின என்று மேலே சொன்னேன். இரண்டாம் பாதியைக் காப்பாற்றியது இந்த விதிதான் என்று உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால் 1776க்குப் பிறகு அந்தப் புல்தரையைச் சுற்றி நடந்ததெல்லாம் கொஞ்சநஞ்சமில்லை. 1790களில் சாலிஸ்பரிக்கு ஒரு கால்வாய் வெட்டக் கிளம்பினார்கள், காசு தீர்ந்து திட்டம் படுத்துவிட்டது, கேனல் வாக் என்ற தெருப்பெயர் மட்டும் மிச்சம். பக்கத்துக் காட்ஸ் ஹவுஸ் டவரைச் சிறைச்சாலை ஆக்கினார்கள். 1838இல் புது கப்பல்துறைக்கு அடிக்கல் நட்டு 1842இல் திறந்தார்கள், 1840இல் லண்டன் ரயில் பாதை முழுசாகத் தயாரானது, அதன் கடைசி நிலையம் இந்த இடத்துக்குப் பக்கத்திலேயே. நிலத்தின் விலை எங்கேயோ போயிருக்கும். 1940 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் ஜெர்மன் குண்டுகள் நகரத்தின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கின. அத்தனைக்கும் நடுவில், இங்கே ஆகஸ்ட் வந்தால் போட்டி உண்டு, அடுத்த 'சர்' யார் என்று தெரிய வேண்டும் என்று காத்திருக்கிற ஒரு கூட்டம் இருந்தது. விற்கவோ கட்டவோ நினைக்கிறவனுக்கு வெறும் புல்லைவிட அந்தக் கூட்டம் பெரிய தடை.

மற்ற ஊர்களில் ஆட்டம் வேறு பாதையில் போனது. ஸ்காட்லாந்தில் கில்மார்னாக் கிளப் 1740இலேயே தொடங்கிவிட்டது. கிளாஸ்கோவில் 1848இல் சுமார் 200 ஆட்டக்காரர்கள் கூடி எல்லாருக்கும் பொதுவான விதிகள் வேண்டும் என்று முடிவு செய்தார்கள், டபிள்யூ. டபிள்யூ. மிட்செல் என்ற வக்கீல் உட்கார்ந்து அவற்றை எழுதினார். இன்றைக்கு உலகம் பூராவும் ஆடுகிற ஆட்டத்துக்கு அதுதான் அடித்தளம், நம்ம நாலு பேர் லெமிங்டனில் ஆடியதும் அந்த வம்சம்தான். 1892இல் ஸ்காட்டிஷ் சங்கம். 1903இல் ஆங்கிலச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவர் யார் தெரியுமா, கிரிக்கெட்டின் டபிள்யூ. ஜி. கிரேஸ். வயசான காலத்தில் அந்தத் தாடிக்காரர் பந்து உருட்டுவதில் அவ்வளவு பிரியமாக இருந்தார். இந்தப் பொது விதிகளெல்லாம் வந்த பிறகும் சவுத்தாம்ப்டனில் நைட்ஹுட் போட்டியை மட்டும் பழைய விதியிலேயே நடத்துகிறார்கள். நல்ல முடிவு.

இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு இடம் ரொம்பக் குறைவு. கொல்கத்தாவில் பழைய ஆங்கிலேயர் காலத்து கிளப் தரைகள், குவாஹாட்டியிலும் ராஞ்சியிலும் தேசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி அமைத்த தரைகள், இன்னும் சில. 2022 தங்கத்துக்குப் பிறகு புதுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், அவர்களைத் தேசிய அணித் தேர்வு என்ற ஒற்றை வாசலில் மட்டும் நிறுத்தி வைக்கக் கூடாது, தேர்வாகாதவன் அடுத்த வருஷம் வர மாட்டான். ஒவ்வொரு தரையிலும் வருஷத்துக்கு ஒருமுறை உள்ளூர்ப் போட்டி ஒன்று வையுங்கள், ஒரு தடவை ஜெயித்தவர் மறுபடி ஆடக் கூடாது, அடுத்த வருஷம் அவர்தான் அளக்க வேண்டும் என்று விதி போடுங்கள். பட்டப்பெயரை அந்தந்த ஊர்க்காரர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். ஒரு நாணயமும் ஒரு அளவு நாடாவும் இருந்தால் நடத்திவிடலாம்.